படத்துக்கு ஒரு வழி, சத்தத்துக்கு ஒரு வழி: பழைய ஹோம் தியேட்டரும் புது கேம் கன்சோலும்

சேலம் அஸ்தம்பட்டியில் அக்கா வீட்டு ஹாலில், போன ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் பாதி நாள் டிவிக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். மருமகன் ஒரு வருடம் காசு சேர்த்து பிளேஸ்டேஷன் 5 வாங்கியிருந்தான். மச்சானிடம் பத்துப் பன்னிரண்டு வருடமாகத் தூசி தட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏவி ரிசீவர் (படத்தையும் சத்தத்தையும் வாங்கி, சத்தத்தை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப்) ஒன்றும், ஐந்து ஸ்பீக்கரும், ஒரு சப்வூஃபரும் இருக்கின்றன. டிவி மட்டும் தீபாவளிக்கு வந்த புதுசு, 4கே. கன்சோலை ரிசீவரில் செருகினால் ஹாலே அதிர்ந்தது. ஆனால் படம், 4கேயில் கால்வாசிப் புள்ளிகளே உள்ள 1080க்கு மேல் ஏறவில்லை. நேராக டிவியில் செருகினால் 4கே பளிச்சென்று வந்தது. சத்தம் டிவியின் முதுகிலிருந்து தகர டப்பாவைத் தட்டியது மாதிரி வந்தது.

“மாமா, படம்தான் முக்கியம். சத்தத்தை அப்புறம் பார்த்துக்கலாம்” என்றான் மருமகன்.

“அப்ப அந்த ஆம்ப்பை எடைக்குப் போட்டுடலாமா மாப்ள?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார் மச்சான்.

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். சேலத்தில் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இதே கதை. டிவியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறோம். நல்ல ஆம்ப்ளிஃபையரையும் ஸ்பீக்கரையும் அப்படி மாற்றுவதில்லை. மாற்றவும் தேவையில்லை, நல்ல ஸ்பீக்கருக்கு மெதுவாகத்தான் வயதாகிறது. அதனால் ஒரே அலமாரியில் வேறு வேறு காலத்துப் பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அவை ஏன் ஒத்துப்போக மறுக்கின்றன என்று புரிந்துவிட்டால், பழையதைத் தூக்கிப் போடாமலே சேர்த்துவிடலாம்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று வால் கொண்ட பழைய ஏவி வயர் நினைவிருக்கும். பிளேஸ்டேஷன் 2 காலத்தில் மஞ்சளில் படம் போகும், மற்ற இரண்டில் ஸ்டீரியோ சத்தம் போகும். அதில் பேச்சுவார்த்தை எதுவும் கிடையாது. கன்சோல் பாட்டுக்கு அனுப்பும், டிவி பாட்டுக்கு வாங்கிக் காட்டும். தரம் குறைவு, ஆனால் செருகினால் வேலை செய்யும்.

இன்று கன்சோலையும் டிவியையும் சேர்க்கும் எச்டிஎம்ஐ வயர் 2002 டிசம்பரில் வந்தது. அதன் குணமே வேறு. அதன் 19 பின்களில் படமும் சத்தமும் டிஜிட்டலாகப் போகின்றன. கூடவே இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளத் தனிக் கம்பிகளும் உண்டு. செருகியதும் நடப்பது கிட்டத்தட்ட ஒரு வரன் பார்க்கும் வேலை. முதலில் ஜாதகம். டிவிக்குள் இருக்கும் சின்னச் சில்லு ஒன்றில், தன்னால் எந்த அளவுப் படத்தைக் காட்ட முடியும், வினாடிக்கு எத்தனை முறை, எந்த வகை ஒலி, எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் இன்னும் எடுப்பாகத் தெரியும் படம்) உண்டா இல்லையா என்றெல்லாம் எழுதியிருக்கும். இந்தக் குறிப்புக்கு இடிஐடி என்று பெயர். கன்சோல் அதைப் படித்துவிட்டு அதற்குத் தகுந்ததைத்தான் அனுப்பும். அப்புறம் எச்டிசிபி என்னும் பூட்டு. படத்தைத் திருட்டுத்தனமாக நகல் எடுக்காமல் இருக்கப் போட்டது. சாவி பொருந்தினால்தான் திரையில் படம். பொருந்தாவிட்டால் கறுப்புத் திரை, அல்லது வந்து வந்து போகும் படம்.

நடுவில் ரிசீவர் வந்தால் அது தரகர் மாதிரி. டிவியின் ஜாதகத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுக்காது. தன்னால் கடத்த முடிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை அடித்துவிட்டு, தன் ஸ்பீக்கர்களின் விவரத்தைச் சேர்த்துப் புதிதாக ஒன்றை எழுதிக் கன்சோலிடம் நீட்டும். மச்சானின் ரிசீவர் 4கே என்ற வரியையே அடித்திருந்தது. கன்சோலும் அதை நம்பி 1080க்கு இறங்கிக்கொண்டது. பெட்டிகள் மூன்றும் நல்ல நிலையில்தான் இருந்தன. வரிசையில் எது மெதுவோ அதன் வேகத்துக்கு எல்லாமே இறங்கிவிட்டன.

எவ்வளவு மெது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 1080 படம் என்றால் 1920க்கு 1080 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிட், வினாடிக்கு 60 படம் என்று பெருக்கினால் வினாடிக்குச் சுமார் 3 ஜிகாபிட். 4கே அதைப்போல நான்கு மடங்கு, சுமார் 12 ஜிகாபிட். அதே 4கே வினாடிக்கு 120 படமாகவும், எச்டிஆருக்கு வேண்டிய 30 பிட் நிறத்தோடும் போக வேண்டுமென்றால் 30 ஜிகாபிட்டைத் தொடும். இது வெறும் படத்தின் எடை. வயரில் ஏற்றும்போது இன்னும் கொஞ்சம் கூடும். வயர் பக்கம் பார்த்தால், 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 தாங்குவது 10.2 ஜிகாபிட், 2013இன் 2.0 தாங்குவது 18; 2017இன் 2.1 தாங்குவது 48 வரை. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டுமே 2020 நவம்பரில் உலகச் சந்தைக்கு 2.1 உடன் வந்தவை. 2017இல் வந்த முதல் நின்டெண்டோ ஸ்விட்ச் மட்டும் டிவியில் 1080தான் கொடுக்கும் என்பதால், மச்சானுடைய ரிசீவர் மாதிரியான பழைய பெட்டியிலும் நிம்மதியாக ஓடும்.

டிவி அட்டையில் 2.1 என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம். அதன் வசதிகள் எல்லாவற்றையும் கொடுத்தே ஆக வேண்டும் என்று தயாரிப்பாளருக்குக் கட்டாயம் இல்லை. கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “எந்தப் போர்ட்டில் 4கே 120 வரும்?” நான்கு போர்ட் உள்ள பல டிவிகளில் இரண்டில்தான் வரும். அந்த இரண்டில் ஒன்றே சவுண்ட்பாருக்கான (டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கர்) போர்ட்டாகவும் இருந்துவிடுவது உண்டு. அப்போது சவுண்ட்பாரும் இரண்டு கன்சோலும் வைத்திருப்பவர் பாடு திண்டாட்டம்.

அக்கா வீட்டில் செல்போன் டார்ச்சை அடித்து டிவியின் முதுகைப் பார்த்தேன். நான்கு போர்ட். மூன்றாவதற்குப் பக்கத்தில், அரிசி அளவு எழுத்தில் 120 என்று அச்சடித்திருந்தது. மருமகன் செருகியிருந்தது முதல் போர்ட்டில், கைக்கு எட்டுவது அதுதான் என்பதால். மாற்றிச் செருகினோம், அப்போதும் 120 வரவில்லை. டிவியின் மெனுவில் அந்தப் போர்ட்டின் முழு வேகத்தைத் திறந்துவிடும் அமைப்பு ஒன்று இருக்கும். சாம்சங்கில் அது இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் டீப் கலர், சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மேட். பல டிவிகளில் பெட்டியைப் பிரிக்கும்போது அது அணைந்தே இருக்கும். காசு கொடுத்து வாங்கியதில் பாதியை அனுபவிக்காமலே எத்தனையோ வீடுகளில் விளையாடிக்கொண்டிருப்பதற்கு இந்த ஒரு அமைப்புதான் காரணம். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

படம் சரியாகிவிட்டது. சத்தத்துக்கு என்ன செய்வது?

ஏற்காடு ரோட்டில் போகிறவர்கள் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைப் பார்த்திருப்பார்கள். டி.ஆர்.சுந்தரம் 1930களில் தொடங்கிய ஸ்டூடியோவில் இன்று மிஞ்சி நிற்பது அந்த வளைவு. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956இல் அங்கிருந்துதான் வந்தது. ஸ்டூடியோ வேலையில் படம் தனிச் சுருளிலும் ஒலி தனியாகவும் பதிவாகி, கடைசியில்தான் ஒரே பிரதியில் சேரும். நம் ஹாலிலும் படமும் சத்தமும் கடைசிவரை ஒரே வழியில்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. படத்தை டிவியோடு நிறுத்திவிட்டு, சத்தத்தை மட்டும் அங்கிருந்து ரிசீவருக்குத் திருப்பி அனுப்பலாம்.

திருப்பி அனுப்ப இரண்டு வாசல். ஒன்று, ஆர்க் என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ போர்ட். 2009இல் 1.4 உடன் வந்தது. டிவிக்குப் படம் கொண்டுவரும் அதே வயரில் சத்தம் எதிர்த்திசையில் ரிசீவருக்குப் போகும். 2.1 உடன் வந்த இஆர்க் அதன் பெரிய அண்ணன். இன்னொன்று, சிவப்பு வெளிச்சம் தெரியுமே, அந்த ஆப்டிகல் வாசல். இந்தத் தலைமுறைக் கன்சோல்களில் ஆப்டிகல் கிடையாது. ஆனால் டிவிகளில் பெரும்பாலும் இன்னும் இருக்கிறது, பழைய ரிசீவர்களில் கட்டாயம் இருக்கும்.

ஆப்டிகலின் அகலம் ஸ்டீரியோவை மனதில் வைத்து வகுத்தது. சுருக்காத ஸ்டீரியோ ஒலிக்கு வினாடிக்குச் சுமார் 1.5 மெகாபிட் வேண்டும். சுருக்காத 5.1 ஒலிக்கு, அதாவது ஆறு தனித்தனிச் சத்தத்துக்கு, 4.6 மெகாபிட் ஆகிவிடும். அது இந்தக் குழாயில் நுழையாது. டால்பி டிஜிட்டலாகச் சுருக்கினால் அதே ஆறு சத்தமும் அதிகபட்சம் 0.64 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். சாதாரண ஆர்க்கின் நிலைமையும் ஏறக்குறைய இதேதான். இஆர்க் மட்டும் 37 மெகாபிட் வரை தாங்கும் என்பதால் சுருக்காத 7.1, தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் அட்மாஸ் எல்லாம் அதில் போகும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் அட்மாஸ் தரும். பிளேஸ்டேஷன் 5க்கு 2023 செப்டம்பர் அப்டேட்டில்தான் அது வந்தது.

இதனால்தான் பல வீடுகளில் ஆப்டிகல் வயரைச் செருகிய பிறகும் முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர் மட்டும் பேசும், பின்னால் இருப்பவை ஊமையாக நிற்கும். ‘எனக்கு இருப்பது இரண்டு ஸ்பீக்கர்’ என்று டிவி தன் ஜாதகத்தில் எழுதியிருக்கும். கன்சோலும் சுருக்காத ஒலியை இரண்டு சானலில் மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடும். ஆளுக்கு ஆள் ஸ்பீக்கர் வயரைக் கழற்றி மாட்டுவார்கள், வயரில் ஒரு குறையும் இருக்காது.

அக்கா வீட்டில் செய்தது இவ்வளவுதான். கன்சோலை டிவியிலேயே விட்டு, டிவியின் சத்தத்தை ரிசீவருக்குத் திருப்பினோம். கன்சோலின் சவுண்ட் மெனுவில் ஆடியோ அவுட்புட்டுக்குள் போய், ஒலி வடிவம் லீனியர் பிசிஎம், அதாவது சுருக்காத ஒலி, என்று இருந்ததை டால்பிக்கு மாற்றினோம். டிவியின் டிஜிட்டல் ஒலி அமைப்பை பாஸ்த்ரூ என்று வைத்தோம், அதாவது வந்ததை வந்தபடியே வெளியே விடு என்று. மாற்றிய மறு வினாடி ரிசீவருக்குள் ரிலே ஒன்று ‘டக்’ என்றது. முகப்பில் பிசிஎம் என்றிருந்த எழுத்து அணைந்து, டால்பி டிஜிட்டல் என்று நீல நிறத்தில் எரிந்தது. மச்சான் எழுந்து வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எழுத்தைப் படித்தார். “இது எரிஞ்சு மூணு வருஷம் ஆச்சு மாப்ள” என்றார்.

புதிதாக 2.1 ரிசீவரே வாங்குகிறவர்களுக்கு இந்தச் சுற்று தேவையில்லை. கன்சோலை ரிசீவரில் செருகினால் படமும் சுருக்காத ஒலியும் முழுதாகப் போகும். ஆனால் 2020 கடைசியில் வெளிவந்த முதல் வரிசை 2.1 ரிசீவர்கள் சிலவற்றில் எச்டிஎம்ஐ சில்லிலேயே குறை இருந்தது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 4கே 120 அனுப்பினால் திரை கறுத்துவிடும். அந்த வருடத்து ரிசீவரைப் பழசாக விலைக்குக் கேட்கிறவர்கள், கன்சோலைக் கையோடு எடுத்துப்போய்ச் செருகிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

நம் ஊர்ப் பக்கம் இன்னொரு வகையும் உண்டு: அசெம்பிள் ஆம்ப். கடையில் டிரான்ஸ்ஃபார்மரும் போர்டும் கேபினெட்டும் தேர்ந்தெடுத்து, நமக்கேற்ப மெக்கானிக் கட்டிக்கொடுப்பது. இதை மட்டமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. நல்ல கைப்பட்ட அசெம்பிள் செட் பல வருடம் உழைக்கும், பழுதானால் கட்டியவரே திறந்து சரிசெய்வார். ஆனால் உள்ளே என்ன போர்டு என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெறும் புரோலாஜிக் போர்டு என்றால் ஸ்டீரியோவை எடுத்து ஐந்தாகப் பிரித்துக் கொடுக்கும். பின்னால் சத்தம் வரும், ஆனால் கேமில் எதிரி எந்தப் பக்கம் என்ற தகவல் அதில் சரியாக இருக்காது. ஆப்டிகல் வாசலோடு டால்பி, டிடிஎஸ் பிரிக்கும் டிகோடர் போர்டு இருந்தால் ஆறு சத்தமும் உண்மையாகவே தனித்தனியாக வரும். மெக்கானிக்கிடம் இந்த ஒரு போர்டை மாற்றச் சொன்னாலே போதும்.

சத்தம் சுற்றி வருவதால் சிலசமயம் லேசாகப் பிந்தும். சினிமாவில் அந்த லேசான பிந்தல் அவ்வளவாக உறுத்தாது, கேமில் உடனே தெரிந்துவிடும். பட்டனைத் தட்டுவது நம் கை. படமும் பிந்தக்கூடாது. வினாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்தின் ஆயுள் 16.7 மில்லி வினாடி. டிவி தன் பங்குக்கு அசைவை மென்மையாக்குகிறேன், கூர்மையாக்குகிறேன் என்று இறங்கினால் பல படங்களின் நேரம் அதிலேயே போய்விடும். கேம் மோட் என்பது இந்த அலங்காரங்களை எல்லாம் நிறுத்தச் சொல்வது. கட்டாயம் போடுங்கள். புது டிவிகளில் கன்சோலைக் கண்டதும் தானாகவே மாறிக்கொள்ளும்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுவருக்குள் எச்டிஎம்ஐ வயர் விட முக்கால் இஞ்ச் பைப் போடாதீர்கள். வயர் போகும், தலை போகாது. ஒன்றரை இஞ்ச் பைப், வளைவு குறைவாக, உள்ளே இழுக்க ஒரு கம்பியும் விட்டுவையுங்கள். 4கே 120க்குச் சாதாரண செம்பு வயர் மூன்று மீட்டர் வரை நம்பிக்கையாக ஓடும். மாடியில் புரொஜெக்டர் வைத்துப் பத்து மீட்டர் இழுப்பதானால் ஃபைபர் வகை எச்டிஎம்ஐதான் சரி. அதற்குத் திசை உண்டு, கன்சோல் பக்கம் எது, திரை பக்கம் எது என்று தலையில் எழுதியிருக்கும். மாற்றி இழுத்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

இனி கரண்ட். விவரம் தெரிந்தவர்கள்கூட இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். பிளேஸ்டேஷன் 5க்கும் பல டிவிகளுக்கும் இரண்டு பின் வயர்தான், எர்த் கிடையாது. கை ஈரமாக இருக்கும்போது எச்டிஎம்ஐ தலையின் உலோகத்தைத் தொட்டால் விரலில் லேசாகச் சுர்ரென்று இருக்கும். உள்ளே இருக்கும் பவர் சப்ளையிலிருந்து கசியும் சிறு மின்சாரம் அது. நமக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் இரண்டு பெட்டியும் ஓடிக்கொண்டிருக்கும்போது வயரைச் செருகினால், அந்தக் கசிவு போர்ட்டின் மெல்லிய சில்லு வழியாகப் பாய இடமுண்டு. சுவிட்ச் போர்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் செருகுவதுதான் முறை. பிறகு டிவி, ரிசீவர், கன்சோல் என்ற வரிசையில் போடுங்கள். ஜாதகம் கேட்க வரும்போது பதில் சொல்ல எதிரில் ஆள் விழித்திருக்க வேண்டும் அல்லவா.

ஏற்காட்டில் இது இன்னும் கடுமை. சுமார் 1,500 மீட்டர் உயரம், சித்திரை வைகாசி மாலைகளில் இடி மழை, கூரைமேல் டிஷ். அங்கே காப்பித் தோட்டத்துக்கு நடுவில் சித்தப்பா வீடு. ஒரு வைகாசி சாயந்திரம் பக்கத்துச் சில்வர் ஓக் மரத்தில் இடி விழுந்தது. கரண்ட் வயரில் நல்ல சர்ஜ் புரொடெக்டர் போட்டிருந்தார், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் செட்டாப் பாக்ஸ் போனது, ரிசீவரின் ஒரு எச்டிஎம்ஐ போர்ட் போனது, கன்சோலில் படம் வரவே இல்லை. இடியின் அதிர்ச்சி கரண்ட் வயரில் வரவில்லை. டிஷ்ஷிலிருந்து கேபிள் வழியாகச் செட்டாப் பாக்ஸ், அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக ரிசீவர், அங்கிருந்து கன்சோல் என்று வீட்டுக்குள் நடந்து வந்திருக்கிறது. கட்டிய வயர்களே அதற்குப் பாதை.

மலையில் பாறை நிலம் என்பதால் எர்த் எடுப்பதும் கடினம். குழியில் கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும். டிஷ் கம்பத்தையும் அதே எர்த்தோடு இணைக்க வேண்டும். அப்படியும், மேகம் கறுத்தால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. டிஷ் கேபிளையும் செட்டாப் பாக்ஸிலிருந்து திருகிக் கழற்றிவிட வேண்டும். சித்தப்பா இப்போது கேபிள் முனைக்கு மேலே சுவரில் ஆணி அடித்து, கழற்றியதும் அதில் தொங்கவிடுகிறார். மழைக்காலத்தில் மலையின் குளிரிலிருந்து கன்சோலைச் சேலத்து வெக்கைக்கு இறக்கி வருகிறவர்களும் உடனே போட்டுவிட வேண்டாம். குளிர்ந்த பெட்டிக்குள் ஈரம் முத்துக் கட்டும். சில மணி நேரம் அப்படியே விடுங்கள்.

சமவெளியில் இடியைவிடக் கரண்ட் போவதுதான் தொல்லை. கேம் சேவ் ஆகும் நேரத்தில் சட்டென்று அணைந்தால் தகவல் கெடலாம். வீட்டு இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். மாறும் நேரம் குறைந்து கன்சோல் அணையாமல் தாண்டிவிட வாய்ப்பு அதிகம்.

அக்கா வீட்டில் கடைசியாக மிச்சமிருந்தது ஹால். டைல்ஸ் தரை, பூச்சுச் சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல். கை தட்டினால் கணீரென்று திரும்பி வரும் அறை. அக்கா பீரோவிலிருந்து ஒரு பவானி ஜமுக்காளத்தை எடுத்து வந்து சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் விரித்தார், தடித்த திரைச்சீலையை இழுத்துவிட்டார். அதிலேயே பாதி எதிரொலி அடங்கிவிட்டது. பின் ஸ்பீக்கர் இரண்டும் இத்தனை வருடமாக முன் சுவரிலேயே, முன் ஸ்பீக்கருக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தன. வயர் எட்டவில்லை என்பதுதான் காரணம். பதினைந்து மீட்டர் ஸ்பீக்கர் வயர் வாங்கி வந்து, உட்காருகிறவரின் தோளுக்குச் சற்றுப் பின்னால், காதுக்குக் கொஞ்சம் மேலே இரண்டு பக்கமும் வைத்தோம். சுவரோடு ஒட்டியிருந்த சோபாவை இரண்டடி முன்னால் இழுத்தோம்.

கார் ரேஸ் ஒன்றை மருமகன் போட்டான். மூன்றாவது வளைவு தாண்டியதும் மச்சான் சட்டென்று தலையைத் திருப்பி வலது தோளுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே ஜமுக்காள மூலையும் ஸ்பீக்கரும் மட்டும்தான் இருந்தன.

“அப்பா, அது பின்னாடி வர்ற கார்” என்றான் மருமகன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.